அந்தப் பைபாஸ் கெபாசிட்டரைக் கொஞ்சம் கழற்றுங்கள்

பொறியியல் கல்லூரிகளில் மின்னணுச் சுற்று ஆய்வகம் நடத்தும் பேராசிரியர்களுக்கு,



உங்கள் ஆய்வகத்தில் செய்யப்படும் ஆரம்பச் சோதனைகளில் ஒன்று என்னவென்று கேட்காமலே சொல்லிவிடலாம். பிசி 107 டிரான்சிஸ்டர், 12 வோல்ட் சப்ளை, காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயர். பயாஸ் கணக்கைப் போட்டு, பிரெட்போர்டில் செருகி, ஃபங்ஷன் ஜெனரேட்டரில் 20 மில்லிவோல்ட் வைத்து, அதிர்வெண்ணை மாற்றி மாற்றி அவுட்புட்டைக் குறித்துக்கொண்டு, செமி-லாக் தாளில் வளைகோடு வரைந்து, 3 டெசிபல் இறங்கும் இடங்களில் புள்ளி வைத்தால் ரெக்கார்டில் கையெழுத்து விழும். நானும் அப்படித்தான் கையெழுத்து வாங்கினேன். சோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதுதான் என் வழக்கு.

மைக்ரோஃபோன்களுக்கான முன்பெருக்கிகளை வடிவமைப்பது என் பிழைப்பு. வேலை கேட்டு வரும் பட்டதாரிகளிடம் ஒரு சுற்றை நீட்டி, இதன் கெயின் எவ்வளவு என்றால் கண்மூடித் திறப்பதற்குள் பதில் வருகிறது. இது எவ்வளவு இரைச்சலைச் சேர்க்கும், அலையை எவ்வளவு திரிக்கும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. நாலு வருஷத்தில் யாரும் அவர்களை அதைக் கேட்டதில்லை. கெயின் இன்றைக்கு மலிவான சரக்கு. எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பெருக்கி தேறுமா தேறாதா என்பதை மற்ற இரண்டும்தான் முடிவு செய்கின்றன. அந்த இரண்டும் ஒரே இடத்தில், எமிட்டர் காலில், ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன. இதைக் கற்றுக்கொடுக்க உங்கள் பழைய பிசி 107 சுற்றே போதும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் திரிபைப் பார்ப்போம். கலெக்டரில் 4.7 கிலோ ஓம், எமிட்டரில் 1 கிலோ ஓம், அதன் குறுக்கே பைபாஸ் கெபாசிட்டர், டிரான்சிஸ்டரில் 1 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் மூலத்தின் மின்தடை குறைவு. 20 மில்லிவோல்ட் பீக்-டு-பீக் கொடுத்தால் அவுட்புட் ஏறத்தாழ 3.6 வோல்ட் வரும். மாணவர் 3.6-ஐ 0.02-ஆல் வகுத்து, கெயின் 180 என்று எழுதி அடுத்த அதிர்வெண்ணுக்குப் போய்விடுவார். அவரை அங்கேயே நிறுத்தி, சி.ஆர்.ஓ. திரையை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அலை நடுக்கோட்டிலிருந்து கீழே 2 வோல்ட் போகிறது, மேலே 1.6 வோல்ட்தான் போகிறது. கீழ்முனை கூர்மை, மேல்முனை மொழுக்கை. திரையிலேயே அப்பட்டமாகத் தெரியும் இந்தக் கோணலைத்தான் 'சைன் அலை' என்று ரெக்கார்டில் வரைந்து கொடுக்கிறோம்.

கணக்கு ரொம்ப எளிது. கலெக்டர் கரண்ட் பேஸ்-எமிட்டர் வோல்டேஜுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. அடுக்குக்குறி வளைகோட்டில் ஏறுகிறது. அந்த வளைவின் அளவுகோல் அறை வெப்பத்தில் 26 மில்லிவோல்ட். சிக்னலின் உச்சத்தை அந்த 26-இன் நான்கு மடங்கால் வகுத்தால் இரண்டாம் ஹார்மோனிக் வந்துவிடும். உச்சம் 1 மில்லிவோல்ட் என்றால் சுமார் ஒரு சதவீதம், 10 மில்லிவோல்ட் என்றால் சுமார் பத்து சதவீதம். டிரான்சிஸ்டரை மாற்றியும் தப்பிக்க முடியாது. பிசி 107 ஆனாலும் விலை உயர்ந்த ஜப்பான் சரக்கானாலும் இந்த வளைவு ஒன்றேதான். இது சிலிக்கானின் தரத்தைப் பற்றிய விஷயமே இல்லை. வெப்ப இயக்கவியல் போட்ட சட்டம்.

இப்போது பைபாஸ் கெபாசிட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். கெயின் 180-லிருந்து நாலரைச் சொச்சத்துக்கு விழும். அதே 20 மில்லிவோல்ட்டுக்குத் திரிபு கிட்டத்தட்ட 1500 மடங்கு குறைந்து, 0.01 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். இந்த அளவைக் கண்ணால் பார்க்கவே முடியாது. கெயின் குறைந்த விகிதத்தைவிடத் திரிபு குறைந்த விகிதம் அதிகம். அது அதன் வர்க்கமாக இறங்குகிறது என்பதை மாணவர் தாமே கண்டுபிடித்தால் அந்த மதியம் வீணாகவில்லை.

பெரும்பாலான பாடநூல்கள் இந்த இடத்தில் மங்களம் பாடிவிடுகின்றன. எமிட்டர் ரெசிஸ்டர் திரிபைக் குறைக்கும், சுபம். இலவசமாகக் குறைத்ததா என்று யாரும் கேட்பதில்லை.

1928-இல் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து காட்டியதும், அதே ஆண்டில் நைக்விஸ்ட் விளக்கியதும் இதற்கான விடைதான். (இருவரும் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்பது ஒரு வேடிக்கையான ஒற்றுமை.) மின்தடை என்று ஒன்று இருந்தால், அதில் கரண்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும், வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் அலைவதில் ஒரு வோல்டேஜ் இரைச்சல் இருந்தே தீரும். அறை வெப்பத்தில் 1 கிலோ ஓமுக்கு, 1 ஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில், அது 4 நானோவோல்ட். பட்டையை விரித்தால் அதன் வர்க்கமூலத்தில் கூடும். 20 கிலோஹெர்ட்ஸ் முழுக்க எடுத்தால் 0.58 மைக்ரோவோல்ட். உங்கள் எமிட்டரில் இருக்கும் அந்த 1 கிலோ ஓம், பைபாஸ் போன பிறகு, இன்புட்டோடு தொடராக நிற்கும் ஒரு இரைச்சல் மூலம். பேஸில் சிக்னலைக் கொடுக்கிறீர்கள். எமிட்டரில் ரெசிஸ்டர் தன் பங்குக்கு இரைச்சலைக் கொடுக்கிறது. டிரான்சிஸ்டர் இரண்டையும் பாகுபாடில்லாமல் பெருக்குகிறது.

200 ஓம் டைனமிக் மைக்கை இதில் மாட்டிப் பாருங்கள். மைக்கின் காயிலுக்கே வெப்ப இரைச்சல் உண்டு, 1 ஹெர்ட்ஸுக்கு 1.8 நானோவோல்ட். அதற்குக் கீழே எந்தப் பெருக்கியும் போக முடியாது. எவ்வளவு மேலே போகிறோம் என்பதுதான் நம் மார்க். எமிட்டரில் 1 கிலோ ஓம் திறந்திருந்தால், அந்த ஒரு ரெசிஸ்டர் மட்டுமே இரைச்சலை 7.8 டெசிபல் உயர்த்திவிடும். ரெசிஸ்டரை இரண்டாகப் பிரித்து, 100 ஓமை மட்டும் திறந்து வைத்து, மீதியைப் பைபாஸ் செய்தால் 1.8 டெசிபல். அப்போது கெயின் 37, அதே 20 மில்லிவோல்ட்டுக்குத் திரிபு 0.4 சதவீதம். முழுவதும் பைபாஸ் செய்தால் எமிட்டர் ரெசிஸ்டரால் வரும் சேதாரம் பூஜ்யம். திரிபு பத்து சதவீதம். மூன்று வரிசை, நான்கு காலம் உள்ள ஒரு அட்டவணையில் இதை மாணவரே நிரப்பட்டும். ஒரு கையில் கொடுத்ததை மறு கையில் பிடுங்குகிற இந்தக் கணக்கு கண் முன்னால் நின்றால், வடிவமைப்பு என்றால் என்ன என்று தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

இரண்டு டிரான்சிஸ்டரை எமிட்டரோடு எமிட்டர் சேர்த்து டிஃபரென்ஷியல் ஜோடியாக வைத்தால் என்ன என்று வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. இரண்டாம் ஹார்மோனிக் தம்முள் அடிபட்டுப் போகும். அதே 10 மில்லிவோல்ட் உச்சத்துக்கு 0.3 சதவீத மூன்றாம் ஹார்மோனிக் மட்டும் மிஞ்சும். ரெசிஸ்டரே போடாமல் இவ்வளவு சுத்தம். ஆனால் இப்போது இரைச்சல் போட இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. டிரான்சிஸ்டரின் சொந்த இரைச்சல் 3 டெசிபல் ஏறும். வட்டி இல்லாத கடன் இங்கே கிடையாது.

இனி என் நெடுநாள் ஆதங்கம் ஒன்று. 'நெகட்டிவ் ஃபீட்பேக்கின் நன்மைகள் யாவை?' என்ற கேள்விக்குப் 'பட்டை அகலம் கூடும், திரிபு குறையும், இரைச்சல் குறையும்' என்று எழுதினால் முழு மார்க் போடுகிறீர்கள். மூன்றாவதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள், அல்லது அதற்குப் பக்கத்தில் ஒரு நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். பின் நிலைகளில் நுழையும் பவர் சப்ளை உறுமலை ஃபீட்பேக் அடக்கும், சரி. முதல் டிரான்சிஸ்டரின் வாசலில் சிக்னலோடு கலந்துவிட்ட இரைச்சலை அது ஒன்றும் செய்யாது. இரண்டையும் ஒரே விகிதத்தில் குறைக்கும்; சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான தூரம் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, ஃபீட்பேக் ரெசிஸ்டர்களின் வெப்ப இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். இந்த ஒரு வரியை நம்பி, கெயினை நிர்ணயிக்க 10 கிலோ ஓமும் 1 மெகா ஓமும் போட்டுவிட்டு, விலை உயர்ந்த ஐ.சி. வாங்கியும் ஏன் 'உஸ்' என்கிறது என்று கேட்கும் இளம் பொறியாளர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஃபீட்பேக்கின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 1927 ஆகஸ்டில் ஹரால்ட் பிளாக் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும்போது நியூயார்க் டைம்ஸ் தாளில் அதைக் கிறுக்கினார் என்ற கதையை வகுப்பில் நீங்களே சொல்லியிருப்பீர்கள். அவருடைய தலைவலி முழுக்க முழுக்கத் திரிபுதான். தொலைதூர டெலிபோன் கம்பியில் வரிசையாகப் பெருக்கிகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் திரித்தால் கடைசியில் ஒரு உரையாடல் இன்னொன்றுக்குள் கலந்துவிடும். கெயினை வேண்டிய அளவுக்கு மேல் உற்பத்தி செய்து, மிச்சத்தைத் திரிபைத் துடைக்கச் செலவழிப்பதுதான் அவர் யோசனை. விண்ணப்பித்து ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1937-இல்தான் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

அதே யோசனை நம் எமிட்டர் தகராறையும் தீர்க்கிறது. முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் வெறும் 10 ஓம். அதன் கலெக்டரிலிருந்து இரண்டாவது டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. இரண்டாவதின் கலெக்டரிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக முதல் எமிட்டருக்குத் திரும்பி வருகிறது ஃபீட்பேக். கெயின் சுமார் 100. இரண்டு நிலைகளும் சேர்ந்து 2000 மடங்கு பெருக்கினால், 20 மடங்கு கையிருப்பு. திரிபைத் துடைக்கும் வேலை அதனுடையது. இரைச்சல் பக்கம் 10 ஓமின் பங்கு, 200 ஓம் மைக்குக்கு 0.2 டெசிபல் மட்டும். ரெசிஸ்டரைப் பெரிதாக்கி வாங்கிய நேர்மையை, இரண்டாவது டிரான்சிஸ்டரின் உழைப்பில் வாங்குகிறோம்.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. எனக்கு இந்தச் சுற்று பிடித்திருப்பதே அதனால்தான். அந்த 1 கிலோ ஓமைத் தள்ளுவது யார்? அவுட்புட் உச்சம் 2 வோல்ட் என்றால், ஃபீட்பேக் வழியாக மட்டும் 2 மில்லியாம்பியர் போயாக வேண்டும். இரண்டாவது டிரான்சிஸ்டர் அதைவிடத் தாராளமான கரண்டில், சூடாக, கிளாஸ் ஏ-யில் ஓடினால்தான் மூச்சுத் திணறாமல் கொடுக்கும். இரைச்சலுக்குப் பயந்து ஃபீட்பேக் ரெசிஸ்டர்களைச் சின்னதாக்கினால் அந்தச் சுமை பின்நிலையின் தலையில் இறங்கி, திரிபு கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்துவிடும். நல்ல மைக் முன்பெருக்கியைத் திறந்து பார்த்தால், இவ்வளவு சின்ன சிக்னலுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கரண்ட் என்று தோன்றும். அதற்கான விடை இந்த 10 ஓமில் இருக்கிறது.

ஓம் கணக்கே இல்லாத வழியும் ஒன்று உண்டு. தூய இண்டக்டருக்கு வெப்ப இரைச்சல் கிடையாது. ஆகவே ரேடியோ அதிர்வெண்ணில் எமிட்டரிலோ சோர்ஸிலோ ரெசிஸ்டருக்குப் பதில் துளி இண்டக்டன்ஸ் வைத்து, இரைச்சல் சேர்க்காமல் ஃபீட்பேக் கொடுப்பார்கள். 1 மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி, 326.5 மெகாஹெர்ட்ஸில் அது 2 ஓம். கம்பியின் நீளமே ஒரு உதிரிபாகம் ஆகிவிடுகிறது.

அந்த அதிர்வெண்ணை வேண்டுமென்றேதான் எடுத்தேன். உதகமண்டலத்துக்குப் பக்கத்தில் முத்தோரையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக கோவிந்த் ஸ்வரூப் முன்னின்று கட்டிய ரேடியோ தொலைநோக்கி 1970-லிருந்து கேட்டுக்கொண்டிருப்பது 326.5 மெகாஹெர்ட்ஸில்தான். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவு அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஒத்துப்போவதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்திருக்கிறது. குவியக் கோட்டில் 1056 டைபோல்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதைப் புதுப்பித்தபோது ஒவ்வொரு டைபோலுக்கும் அடுத்ததாகவே ஒரு குறை-இரைச்சல் பெருக்கியை வைத்தார்கள். ஏன் ஒவ்வொன்றுக்கும், ஏன் அங்கேயே? கேபிளில் சிக்னலைத் தொலைத்துவிட்டு அப்புறம் பெருக்கினால், போனது திரும்பி வராது. முதல் நிலையின் இரைச்சல்தான் மொத்தச் சங்கிலியின் இரைச்சல் என்று 1944-இல் ஃப்ரீஸ் சொன்ன சூத்திரம் பாடத்தில் இருக்கிறது. அந்தச் சூத்திரம் 1056 இடத்தில் ஆணி அடித்து மாட்டப்பட்டிருப்பதை ஒரு சுற்றுலாவில் காட்டிவிடலாம். ஊட்டிக்குப் பேருந்து எடுக்கும் கல்லூரிகளுக்குப் பஞ்சமா என்ன.

அங்கேயும் நேரியல்பு இல்லாமல் காரியம் நடக்காது. வானத்திலிருந்து வருவது மிகமிக மெல்லிய சிக்னல்; சுற்றுவட்டாரத்து வயர்லெஸ் சிக்னல்களோ மலை மாதிரி. இரண்டு பலமான சிக்னல்கள் வளைந்த பெருக்கி ஒன்றுக்குள் சேர்ந்து நுழைந்தால், இல்லாத மூன்றாவது ஒன்று பிறந்து, வேண்டிய பட்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு எந்த ஃபில்டராலும் அதைப் பிரிக்க முடியாது. ஒலிப்பதிவில் திரிபு காதுக்கு உறுத்தும், அவ்வளவுதான். வானியலில் அது பொய்ச் சாட்சி சொல்லும்.

கரண்ட் விஷயத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். 1 மில்லியாம்பியர் என்று ஏன் வைத்தோம்? பாடநூலில் அப்படி இருந்தது. கலெக்டர் கரண்டைக் கூட்டினால் டிரான்சிஸ்டரின் வோல்டேஜ் இரைச்சல் இறங்கும், பேஸ் கரண்டின் இரைச்சல் ஏறும். இரண்டும் சமமாகும் இடம் சிக்னல் மூலத்தின் மின்தடையைப் பொறுத்தது. பீட்டாவின் வர்க்கமூலத்தை 26 மில்லிவோல்ட்டால் பெருக்கி, மூலத்தின் மின்தடையால் வகுத்தால் போதும். பீட்டா 200 என்றால், 200 ஓம் மைக்குக்கு 1.8 மில்லியாம்பியர், 10 கிலோ ஓம் சென்சருக்கு 37 மைக்ரோஆம்பியர். ஐம்பது மடங்கு வித்தியாசம். பேஸின் உள் மின்தடை இதில் கணக்கில் வரவில்லை. மூலத்தின் மின்தடை குறையக் குறைய அது தலையெடுக்கும், அப்போது டிரான்சிஸ்டர்களைப் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டுவார்கள். மைக்குக்கும் சென்சருக்கும் ஒரே சுற்றைக் காட்டுகிற பாடநூல் எந்த மூலத்தை நினைத்து எழுதியது என்று வைவாவில் கேட்டுப் பாருங்கள்.

அளக்கக் கருவி வேண்டாமா என்பீர்கள். இரைச்சலை அளக்கும் கருவிக்கு மேனேஜ்மென்டிடம் கோப்பு அனுப்பினால் அது எப்போது திரும்பும் என்று எனக்கும் தெரியும். வேண்டியதில்லை. 24 பிட் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று, எஃப்.எஃப்.டி. காட்டும் இலவச மென்பொருள் ஒன்று, இடையில் 100 மடங்கு பெருக்க ஒரு என்.இ. 5534. சென்னை என்றால் ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும். திரிபை அளக்கும்போது ஃபங்ஷன் ஜெனரேட்டரை ஓரம் கட்டிவிடுங்கள். முக்கோண அலையை வளைத்து சைன் ஆக்குகிற மலிவான ஜெனரேட்டர்களில் அரை சதவீதத் திரிபு பிறவியிலேயே உண்டு. 0.4 சதவீதத்தை அதை வைத்து அளந்தால் ஜெனரேட்டரைத்தான் அளக்கிறோம். சவுண்ட் கார்டின் சொந்த அவுட்புட்டை, 10 கிலோ ஓமும் 100 ஓமும் வைத்துக் குறைத்துப் பயன்படுத்தினால் போதும்.

இரைச்சலை அளக்கும்போது சப்ளை பாக்ஸுக்குப் பதில் பேட்டரி. பிரெட்போர்டுக்குப் பதில் சால்டர் வைத்த சின்ன போர்டு. அதை ஒரு பிஸ்கட் தகரடப்பாவுக்குள் வைத்து, டப்பாவைக் கிரவுண்டோடு இணையுங்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வேண்டாம். காந்தம் ஒட்டாத எவர்சில்வர் மின்புலத்தைத் தடுக்கும், பக்கத்து மேசை டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்தை உள்ளே விட்டுவிடும். தகரடப்பாவில் காந்தம் ஒட்டும், அது ஓரளவு தடுக்கும். மூடியைத் திறந்து மூடும்போது 50, 150 ஹெர்ட்ஸ் முட்கள் திரையில் ஏறி இறங்குவதைப் பார்த்த மாணவருக்கு ஷீல்டிங் பற்றிய பாடம் தனியே வேண்டாம். அப்படியே பிசி 107-இன் உலோகத் தொப்பியை விரலால் தொடச் சொல்லுங்கள். கலெக்டர் அந்தத் தொப்பியோடுதான் இணைந்திருக்கிறது, திரை அலறும்.

ஆர்வம் உள்ள குழுவுக்கு இன்னொன்று. 5534-இன் இன்புட்டில் 100 ஓமில் தொடங்கி 2.2 கிலோ ஓம் வரை மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக வைத்து, இரைச்சலின் வர்க்கத்தை மின்தடைக்கு எதிராக வரையச் சொல்லுங்கள். நேர்கோடு வரும். அதன் சாய்விலிருந்து போல்ட்ஸ்மன் மாறிலியைக் கணக்கிடலாம். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம் ஐ.சி.யின் சொந்த இரைச்சலின் வர்க்கம். இயற்பியல் துறையில் யாராவது கேள்விப்பட்டால் அவர்களும் இந்த டப்பாவைக் கடன் கேட்பார்கள்.

பாடத்திட்டத்தில் இடமில்லை என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். புதுச் சோதனை எதையும் நான் கேட்கவில்லை. இருக்கிற சோதனையின் ரெக்கார்டில் கெயின், பட்டை அகலம் என்ற இரண்டு காலங்களுக்குப் பக்கத்தில் திரிபு, இரைச்சல் என்று இன்னும் இரண்டு. ஒரு மதியத்தில் முடியாது என்றால் அதிர்வெண் அளவீடுகளைப் பாதியாக்குங்கள். செமி-லாக் தாளில் தட்டையான நடுப்பகுதிக்கு இத்தனை புள்ளிகள் எதற்கு? பிசி 107-ஐக் கழற்றி, அதன் குறை-இரைச்சல் உடன்பிறப்பான பிசி 109-ஐச் செருகிப் பார்க்கவும் அதற்குள் நேரம் மிஞ்சும். அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா இல்லையா, இல்லையென்றால் அதை மறைப்பது எந்த ரெசிஸ்டர் என்று மாணவர் எழுதட்டும். வேலைக்கு வரும்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள், நான் முதலில் அதைத்தான் புரட்டுவேன்.

இப்படிக்கு,
உங்களைப் போன்றவர்களிடம் படித்த ஒரு முன்பெருக்கி வடிவமைப்பாளன்